பரமட்டா பூங்காவா, யாரமுண்டியா?

மேற்கு சிட்னியில் ஆற்றங்கரையில் ஒரு பகலைக் கழிக்க எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் இரண்டு இடங்களைச் சொல்வேன்: பரமட்டா பூங்கா, யாரமுண்டி ஆற்றங்கரை. இரண்டும் தருக் பூர்வகுடிகளின் நிலம்.

வசதியில் போட்டியே இல்லை. பரமட்டா பூங்கா 85 ஹெக்டேர். ரயிலில் இறங்கி நடந்தே போகலாம். புல்வெளி, கழிப்பறை, காப்பிக் கடை, சக்கர நாற்காலி உருளும் பாதை எல்லாம் உண்டு. வெஸ்ட்மீட், வென்ட்வொர்த்வில் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவை நடக்க அழைத்துப்போக இதைவிட நல்ல இடம் கிடையாது. யாரமுண்டிக்குக் கார் இல்லாமல் போவது கடினம். சாப்பாட்டையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

தண்ணீர் என்று வந்தால் கதை மாறுகிறது. பரமட்டா பூங்காவில் ஆறு பார்ப்பதற்கு மட்டுமே. கால் நனைக்காமலே திரும்பிவிடுவோம். யாரமுண்டியில், நீலமலையிலிருந்து இறங்கும் குரோஸ் ஆறு நேப்பியனில் கலக்கிறது; அதற்குக் கீழே ஆற்றின் பெயர் ஹாக்ஸ்பரி. கூழாங்கல் கரையில் உட்கார்ந்து காலை நீட்டினால் ஓடும் தண்ணீர்தான். கயாக் விடுகிறவர்களும் உண்டு. ஆனால் உயிர்காப்பாளர்கள் கிடையாது, ஆழமும் திடீரென்று கூடும். பிள்ளைகளைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பூர்வகுடிகளின் தடம் தேடிப் போகிறவர்களுக்குத்தான் தேர்வு சிக்கலாகிறது. பரமட்டா, தருக் மக்களில் புர்ரமட்டகல் குலத்தாரின் இடம். கேடயத்துக்கும் ஓடத்துக்கும் பட்டை உரித்த வடு சில மரங்களில் இன்னும் இருக்கிறது. ஆனால் கண்ணில் முதலில் படுவது 1799இல் எழுந்த பழைய ஆளுநர் மாளிகை. 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் இந்த இடம் சேர்ந்ததும் பிரிட்டன் இங்கே நாடுகடத்திய கைதிகளின் வரலாற்றுக்காகத்தான். பூர்வகுடிப் போர்வீரர் பெமுல்வுய் 1797இல் குடியேறிகளை எதிர்த்துப் போரிட்டுக் காயமுற்றதும் இதே பரமட்டாவில் என்பதை மாளிகையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

யாரமுண்டியில் மாளிகை கிடையாது. பெயருக்கு உரியவர் பூருபெரொங்கல் குலத் தலைவர், மருத்துவர். 1791 ஏப்ரலில் நியூ சவுத் வேல்ஸின் முதல் ஆளுநர் பிலிப்பின் குழுவை அவர் ஹாக்ஸ்பரிக் கரையில் சந்தித்தார். குழுவோடு வந்த கோல்பி என்ற பூர்வகுடியின் பழைய ஈட்டிக் காயத்துக்கு வாயால் உறிஞ்சி வைத்தியம் செய்தார். கல் கோடரியும் ஈட்டியும் கொடுத்து, இரும்புக் கோடரியும் தூண்டில் முள்ளும் பெற்றுக்கொண்டார். அவருடைய மகள் மரியா, ஆளுநர் மக்குவாரி 1814இல் பரமட்டாவில் தொடங்கிய பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான பள்ளியில் படித்தாள். 1819இல் நடந்த தேர்வில் வெள்ளைக்காரப் பிள்ளைகளையும் முந்தி முதல் பரிசு வாங்கினாள். பின்னாளில் தன் அண்ணனுக்கு அளிக்கப்பட்டிருந்த நிலத்தைக் கேட்டு ஆளுநருக்கே விண்ணப்பம் எழுதினாள்.

தந்தையின் ஆற்றையும் மகளின் ஊரையும் பார்க்க நினைப்பவர்கள் முதலில் பரமட்டாவுக்குப் போங்கள், வேறொரு நாள் யாரமுண்டிக்கு. ஒன்றுதான் முடியும் என்றால், கார் இருப்பவர்களுக்கு என் ஓட்டு யாரமுண்டிக்கு. மழை வாரத்தில் மட்டும் அந்தப் பேச்சே வேண்டாம்: 2021லும் 2022லும் ஹாக்ஸ்பரி எப்படிப் பெருக்கெடுத்தது என்று அந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.