ஓம்ஸ் லா கால்குலேட்டர் ஆப்: சில வருஷம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

போன்ல இந்த ஆப் கிடக்குது, மீட்டரை கையில எடுத்தா அதையும் திறந்துருவேன். வோல்டேஜ், கரண்ட், ரெசிஸ்டன்ஸ், பவர்னு நாலு கட்டம், எந்த ரெண்டை போட்டாலும் மிச்சம் ரெண்டும் வந்துரும். வோல்டேஜை கரண்டால வகுத்தா ரெசிஸ்டன்ஸ் (ஓம்ஸ் லான்னா இதுதான்), ரெண்டையும் பெருக்குனா வாட்ஸ், இதுக்கு ஆப் எதுக்குய்யான்னு கேப்பீங்க. மில்லி, கிலோன்னு வரும்போது ஒரு சைபர் நழுவுனா போதும், எல்லாம் போச்சு, அதுக்குத்தான்.

ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் மாதிரி சூடாகுற அயிட்டத்துக்கு இது அருமை. 230 வோல்ட், கிளாம்ப் மீட்டர்ல (ஒயரை வெட்டாம கவ்விப் பிடிச்சு கரண்ட் அளக்குறது) 4.35 ஆம்ப்னு வெச்சுக்கோங்க, சுமார் 53 ஓம், 1000 வாட்ஸ். இப்போ லைன் 200 வோல்ட்டுக்கு இறங்கிட்டா? நிறைய பேர் பழைய 4.35-ஐயே பெருக்கி 870-னு சொல்லிருவாங்க, ஆனா வோல்டேஜ் குறைஞ்சா கரண்டும் சேர்ந்தே குறையும்ல, ரெசிஸ்டன்ஸ் கட்டத்தை தொடாம வோல்டேஜை மட்டும் மாத்திப் பாருங்க, 756 வாட்ஸ்தான் வரும். தண்ணி சூடாக ஏன் இவ்ளோ நேரமாகுதுன்னு அப்பதான் புரியும்.

எல்ஈடிக்கு ரெசிஸ்டர் கணக்கு போடும்போது கொஞ்சம் உஷார். 12 வோல்ட் சப்ளை, சிவப்பு எல்ஈடி 2 வோல்ட் எடுத்துக்கும், அப்போ ரெசிஸ்டருக்கு மிச்சம் 10 வோல்ட்தான், 20 மில்லி ஆம்ப்புக்கு 500 ஓம், 0.2 வாட்ஸ். அந்த 2 வோல்ட்டை நாமதான் கழிச்சு போடணும், ஆப்புக்கு அதெல்லாம் தெரியாது. கால் வாட் ரெசிஸ்டர் கணக்குப்படி தாங்கும்தான், ஆனா தொட்டா சுடும், நான் அரை வாட்தான் போடுவேன்.

குண்டு பல்ப்ல வேற கூத்து. 60 வாட் பல்பு 230-ல எரியுறப்போ கிட்டத்தட்ட 880 ஓம், கழட்டி மல்டிமீட்டர்ல வெச்சா அதுல பத்துல ஒரு பங்குகூட தேறாது. மீட்டர் ரிப்பேர்னு தூக்கி போட்டுறாதீங்க, ஆறிப்போன இழைக்கு ரெசிஸ்டன்ஸ் அவ்ளோதான்.

மோட்டார், ஃபேன் பக்கம் மட்டும் இதை கொண்டு போகாதீங்க. 230-ஐ 0.5 ஆம்ப்பால பெருக்கி 115 வாட்ஸ்னு ஆப் அடிச்சு சொல்லும், ஆனா அது வோல்ட் ஆம்பியர், பவர் ஃபேக்டர் (அதுல எவ்ளோ பங்கு நிஜ வாட்ஸ்ங்கிறது) 0.6-ன்னா உண்மையில 69 வாட்ஸ்தான். கூடவே காட்டுற 460 ஓமும் காயில் ரெசிஸ்டன்ஸ் கிடையாது. இதுக்கெல்லாம் பிளக்ல சொருகுற பவர் மீட்டர்தான் சரி. சார்ஜர்னா ட்ரூ ஆர்எம்எஸ் (கரண்ட் அலை கோணல்மாணலா இருந்தாலும் சரியா அளக்குற வசதி) இல்லாத கிளாம்ப் மீட்டர் கரண்டையே கம்மியா காட்டும், பாவம் ஆப் என்ன பண்ணும். (கிளாம்ப்புக்குள்ள ஒரு ஒயர் மட்டும்தான் போகணும், ரெண்டையும் சேர்த்து விட்டா சைபர்தான் காட்டும்.)

கடுப்பு ஒண்ணு இருக்கு. கடைசியா வெச்ச யூனிட்டை அப்படியே பிடிச்சு வெச்சுக்கும். எல்ஈடி கணக்கு முடிச்சு நேரா ஹீட்டருக்கு வந்து 4.35 அடிச்சா அது மில்லி ஆம்ப்பா போயிரும், ஹீட்டர் ஒரே ஒரு வாட்டுன்னு சிரிக்காம சொல்லும். பவர் ஃபேக்டர்க்கு ஒரு கட்டம் குடுத்திருக்கலாம், அதுவும் இல்ல.

அப்புறம் விடையை 52.8736 ஓம்னு நீட்டி முழக்கும். மீட்டர்ல ரெண்டு சதவீதம் முன்ன பின்ன இருந்தாலே 52-ஆ 54-ஆன்னு சொல்ல முடியாது, இதுல நாலு டெசிமல் எதுக்கு? செட்டிங்ஸ்ல ஒண்ணுக்கு குறைச்சு வெச்சிருக்கேன், அதுவே ஜாஸ்தி.