மான்கொம்புப் பிடி என்று நம்பி வாங்கிய குத்தூசி

தோல் வேலை செய்பவர்கள், புத்தகம் கட்டுபவர்கள், கைக்கருவி என்றாலே கை பரபரக்கிறவர்கள் எல்லாரும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். உலையில் அடித்துச் செய்தது, மான்கொம்புப் பிடி போட்டது என்று இணையத்தில் எதையாவது பார்த்து ஆர்டர் கொடுக்கும் யோசனையில் இருந்தால், பணம் அனுப்புவதற்கு முன்னால் என் கதையைக் கேட்டுவிடுங்கள்.

எனக்கு வேண்டியிருந்தது, தோலில் துளை போட ஒரு குத்தூசி. கத்திகூட இல்லை. விரல் நீளத்துக்கு ஒரு கூர், உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பிடி, அவ்வளவுதான். உலை வேலை பழகுகிறவர்கள் தொடக்கத்திலேயே செய்து பார்க்கும் சாமான்களில் அதுவும் ஒன்று. இதில் என்ன ஏமாற்றிவிட முடியும் என்று நினைத்தேன்.

விற்றவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. பெயரை மாற்றிக்கொண்டு நாளைக்கே வேறு பக்கம் திறக்கலாம்; ஆனால் செய்கிற வேலை அதேதான் இருக்கும், அதைத் தெரிந்துகொள்ளுங்கள். அவருடைய வீடியோவில் உலை எரிந்தது, பொறி பறந்தது, பட்டடையில் சுத்தியல் விழுந்தது. கீழே, "பழைய அரத்தை உருக்கி அடித்தது. உதிர்ந்த மான்கொம்பில் பிடி" என்று எழுதியிருந்தார். அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும். அரத்தை உருக்கி யாரும் ஊசி அடிப்பதில்லை. எஃகை ஆரஞ்சு நிறம் வரும்வரை காய்ச்சி அடிப்பார்கள், நிறம் மங்கினால் மறுபடி உலைக்குள் வைப்பார்கள். உருகிவிட்டால் அப்புறம் அடிக்க என்ன இருக்கிறது?

ஆனால் என் கண் அந்தப் பிடியிலேயே நின்றுவிட்டது. வரிவரியாய், மேடும் பள்ளமுமாய், நுனியில் தந்த நிறத்தில் மின்னும் ஒரு பிடி. முழுப் பணத்தையும் முன்னதாகவே கேட்டார், கொடுத்தேன். மூன்று வாரம் என்றார், பதினொரு வாரம் கழித்து வந்தது. கேட்கும்போதெல்லாம் "கைவேலை, அவசரப்படக் கூடாது" என்று பதில் வரும். எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கும், கலைஞரைத் தொந்தரவு செய்கிறோமே என்று.

பெட்டியைத் திறந்தபோது அழகாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். இரும்பில் சுத்தியல் தடம், மேலே கருப்பு, பித்தளைப் பூண். இரண்டு நாள் மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மூன்றாம் நாள் இரட்டைத் தோலில் குத்தினேன். நாலாவது துளையில் கூர் வளைந்தது. ஒடியவில்லை, வளைந்தது. எஃகைக் காய்ச்சி எண்ணெயில் முக்கி இறுக்குவதைத் தோய்ச்சல் என்பார்கள்; அது சரியாக இருந்தால் நுனி நிற்கும். தோய்ச்சல் அதிகமாகி, மறுபடி மெல்லச் சூடேற்றிப் பதம் இறக்காமல் விட்டிருந்தால் கண்ணாடி மாதிரி தெறிக்கும். இதுவோ ஈயக்கம்பி போல மடங்கி, விரலால் நிமிர்த்தினால் நிமிர்ந்தது.

எனக்குத் தெரிந்த கொல்லர் ஒருவரிடம் எடுத்துப்போனேன். அவர் முதலில் ஒரு அரத்தை எடுத்து ஊசியின் மேல் இழுத்தார். நல்ல தோய்ச்சல் உள்ள எஃகில் அரம் வழுக்கிக்கொண்டு போகும். இதில் வெண்ணெயாய்க் கடித்தது. அப்புறம் சாணைக்கல்லில் வைத்தார். கரி (கார்பன்) அதிகமுள்ள எஃகு என்றால் பொறி நெருக்கமாகக் கிளைத்துப் பூப்பூவாய் வெடிக்கும். இதில் நீளநீளமாகக் கோடுதான் வந்தது, பூ அங்கொன்றும் இங்கொன்றுமாக. "தம்பி, இது சாதாரணக் கம்பி. இதுக்குத் தோய்ச்சல் போட்டாலும் ஏறாது" என்றார்.

காரணம் எளிது. மைல்ட் ஸ்டீல் என்று கடையில் கிடைக்கும் கம்பியில் கரி சுமார் கால் சதவீதத்துக்குள்தான். அதைச் செந்நிறமாய்க் காய்ச்சி எண்ணெயில் முக்கினாலும் கூர் தாங்கும் அளவுக்கு இறுகாது. நல்ல அரத்திலோ ஒரு சதவீதத்தை ஒட்டி அல்லது அதற்கு மேலும் கரி இருக்கும். வாகனங்களின் பட்டை ஸ்பிரிங்கில் பெரும்பாலும் அரை சதவீதத்துக்குச் சற்று மேல். இரண்டுமே தோய்ச்சல் பிடிக்கும். என் ஊசியில் இருந்த சுத்தியல் தடம்கூட அலங்காரத்துக்காக ஆறிய கம்பியில் அடித்ததாக இருக்கும் என்பது கொல்லரின் ஊகம்.

சரி, இரும்பு போனது, கொம்பாவது மிச்சம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் பிடி பூணுக்குள் சுழல ஆரம்பித்தது. லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. பிடிக்குள் போயிருந்த வால் ஒரு நகத்தின் நீளம்கூட இல்லை. சுற்றிலும் சூட்டுப் பசை. குத்தூசியில் விசை முழுவதும் உள்ளங்கையிலிருந்து இந்த வால் வழியாகத்தான் கூருக்குப் போகிறது. பிடியின் நீளத்தில் பாதிக்கு மேலாவது உள்ளே போக வேண்டும், சதுர வெட்டாக இருந்தால் சுழலாது. அழுத்தும்போது பிடி கழன்று, கூர் என் இடது கையில் இறங்காமல் போனது அதிர்ஷ்டம்தான்.

திறந்துவிட்ட பிடியின் உள்ளே பார்த்தேன். அங்கே இருக்க வேண்டியது பஞ்சு போன்ற, நுண்துளை நிறைந்த எலும்பு. மான்கொம்பு என்பது எலும்பு. வெளியே கெட்டியாக ஒரு சுவர், நடுவில் பஞ்சு. மாட்டுக்கொம்பு அப்படியல்ல, அது நகம் மாதிரிப் பொருள், உள்ளே எலும்புக் குருத்தின் மேல் உறையாக வளர்வது, உதிர்வதில்லை. தமிழில் இரண்டையும் கொம்பு என்றே சொல்லிவிடுகிறோம், விற்கிறவர்களுக்கு அது வசதி. ஆனால் என் பிடியில் இருந்தது இரண்டும் இல்லை. ஒரே சீரான மஞ்சள் நிறம், நடுவில் ஒரு காற்றுக்குமிழி. அடிப்பக்கத்தில் பஞ்சு போலத் தெரிந்தது பழுப்புச் சாயத்தில் வைத்த புள்ளிகள். ஊசியைச் சிவக்கக் காய்ச்சி உள்பக்கம் தொட்டுப் பார்த்தேன். அசல் கொம்பென்றால் கருகி முடி தீய்ந்த வாடை வரும், ஊசி இறங்காது. இதில் இறங்கியது, பிளாஸ்டிக் வாடை. அச்சில் வார்த்த ரெசின்.

விற்றவருக்கு எழுதினேன். "கையால் செய்யும் பொருளில் ஒன்றுக்கொன்று வேறுபாடு இருக்கும்" என்றார். அதற்குப் பிறகுதான் இன்னொருவர் அவரிடமே வாங்கிய உளியின் படத்தைப் பார்த்தேன். பிடியில் அதே மேடு, அதே பள்ளம், அதே வளைவு. எந்த மானும் ஒரே கொம்பை இரண்டு முறை வளர்ப்பதில்லை. இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். வேறுபாடு எங்கே என்று கேட்டேன். பதில் இல்லை.

பணம் விஷயத்தில் நான் செய்த தவறைத்தான் நீங்கள் செய்யவே கூடாது. "திருப்பி அனுப்புங்கள், புதிது தருகிறேன்" என்று முதலில் சொன்னார். அப்புறம் உடல்நிலை சரியில்லை என்றார், பிறகு கூரியர் பிரச்சினை. நான் மரியாதையாகக் காத்திருந்தேன். பணம் செலுத்திய சேவையில் புகார் செய்வதற்கான கெடு முடிந்த மறுவாரம் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். தற்செயலாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேச்சு ஒருபக்கம் நடக்கட்டும், புகாரை முதல் நாளே பதிந்துவிடுங்கள்.

மான்கொம்புப் பிடி போட்ட கருவி எல்லாமே மோசடி என்று சொல்ல வரவில்லை. ஒழுங்காகச் செய்கிறவர் எப்படிச் செய்வார் என்பதை அந்தக் கொல்லரிடம் உட்கார்ந்து பார்த்தேன். பழைய அரத்தின் பல்லை முதலில் சாணையில் தேய்த்து எடுத்தார்; விட்டால் அடிக்கும்போது பல் மடிந்து உள்ளே விரிசலாகிவிடும். சதுரமாக இழுத்து, எட்டுப் பட்டையாக்கி, கடைசியில்தான் உருட்டினார். காந்தம் ஒட்டாத நிறத்தைச் சற்றுத் தாண்டியதும் எண்ணெயில் முக்கினார். காந்தம் விடுவது சுமார் 770 டிகிரி செல்சியஸில். பிறகு துலக்கி, மெல்லச் சூடேற்றி, கருத்த வைக்கோல் நிறம் வந்ததும் நிறுத்தினார். அது ஏறக்குறைய 240 டிகிரி. இவ்வளவும் முடிந்த பிறகுதான் பிடி. கொம்பைத் துளைக்கும்போது முகமூடி போட்டுக்கொண்டார். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

ஆகவே வாங்குமுன் பிடி மாட்டாத கருவியின் படத்தைக் கேளுங்கள். வால் முழுதாகத் தெரிய வேண்டும், பக்கத்தில் உங்கள் பெயர் எழுதிய துண்டுக் காகிதம் இருக்க வேண்டும். கூரின் மேல் அரம் வழுக்குவதை வீடியோவாகக் கேளுங்கள், பத்து விநாடி போதும். உண்மையாகச் செய்கிறவர் இதற்குச் சலித்துக்கொள்ள மாட்டார், சந்தோஷமாகவே காட்டுவார். இன்னொன்று, அசல் கொம்பு என்றால் அது எங்கிருந்து வந்தது என்றும் கேட்டே ஆக வேண்டும். உதிர்ந்த கொம்பாகவே இருந்தாலும் வாங்குவதும் விற்பதும் குற்றமாக உள்ள நாடுகள் உண்டு. எனக்கு வந்தது ரெசின் என்பதால் அந்தச் சிக்கல் மட்டும் இல்லாமல் போனது.

யாரிடமாவது இதே பிடி இருக்கிறதா என்று பாருங்கள். பூணிலிருந்து இரண்டு விரல் தள்ளி, கட்டைவிரல் படுகிற பக்கத்தில் அரிசி அளவில் ஒரு பள்ளம் இருக்கும், அதற்குக் கீழே வரிகள் இரண்டாகப் பிரியும். இருந்தால் படத்தோடு எனக்கு எழுதுங்கள். இரண்டு பேராக இருக்கிறோம், நாலைந்து பேரானால் புகாரைச் சேர்ந்தே கொடுக்கலாம்.