‘ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ படிக்க எது சரி: நாவலா, தொடரா, படமா, கைடா?

ஜேன் ஆஸ்டனின் இந்த நாவல் பாடமாக வந்துவிட்டால் மாணவர் முன்னால் நான்கு வழிகள் நிற்கும்: 1813இல் வெளிவந்த மூல நாவல், 1995இன் பிபிசி தொடர், 2005இல் ஜோ ரைட் எடுத்த படம், அப்புறம் கைடு. 61 அத்தியாயம் என்றதும் மலைப்பு வரும், கை தானாகவே படத்தின் பக்கம் போகும். ஆனால் வர்க்கம், திருமணம், மனமாற்றம் என்று எதைப் பற்றி எழுதுவதானாலும் நாவலைத் தாண்டிப் போக முடியாது என்பதே என் எண்ணம்.

கைடைச் சீக்கிரம் முடித்துவிடலாம். யாருக்கு யார் என்ன உறவு, எங்கே என்ன நடக்கிறது என்று நினைவுபடுத்த உதவும். ஆனால் தலைப்பில் உள்ள கர்வம் (ப்ரைட்) நாயகன் டார்சிக்கு, முன்முடிவு (ப்ரெஜுடிஸ்) நாயகி எலிசபெத் பென்னெட்டுக்கு என்று பங்கு பிரித்துக் கொடுத்துவிடும். இருவரிடமும் இரண்டும் இருப்பதால்தான் கதையே நகர்கிறது.

படம் பார்க்க அழகு. சிக்கல் வர்க்கத்தில் இருக்கிறது. பென்னெட் வீட்டைச் சுற்றி ஒரே சேறு, வீட்டுக்குள்ளேயே பன்றி நடக்கிறது. நாவலில் எலிசபெத்தின் அப்பா திரு. பென்னெட்டின் வருமானம் ஆண்டுக்கு 2,000 பவுண்டு. சமையலுக்கு ஆள் உண்டு. பெண்களுக்கு அடுப்படியில் வேலையே இல்லை என்று திருமதி பென்னெட், சொத்துக்கு அடுத்த ஆண் வாரிசான உறவினர் காலின்ஸிடம் வெடுக்கென்று சொல்கிறார். அப்பா கண்ணை மூடினால் வீடும் நிலமும் அந்தக் காலின்ஸுக்குப் போய்விடும் என்பதுதான் அவர்கள் கவலை. டார்சிக்கு ஆண்டுக்கு 10,000. இடைவெளி பெரிதுதான், ஆனால் அது ஒரே வர்க்கத்துக்குள் இருக்கும் இடைவெளி. அதனால்தான் டார்சியை மணக்கக் கூடாது என்று அவருடைய அம்மாவின் சகோதரி லேடி கேத்தரின் மிரட்டும்போது, ‘அவர் கனவான், நான் ஒரு கனவானின் மகள், அந்த அளவில் நாங்கள் சமம்’ என்று எலிசபெத்தால் நிமிர்ந்து சொல்ல முடிகிறது. சேற்றைப் பூசிவிட்டால் இது பணக்காரப் பையன், ஏழைப் பெண் கதையாகிவிடுகிறது.

எலிசபெத்தின் தோழி, 27 வயது ஷார்லட், காலின்ஸை மணக்கச் சம்மதிக்கும் இடமும் இப்படித்தான். படத்தில் அவள் தனக்குப் பயமாக இருக்கிறது என்கிறாள். நமக்குப் பரிதாபம் வருகிறது. நாவலில் பதற்றமே இல்லை. தனக்குக் காதல் கனவெல்லாம் கிடையாது, வசதியான ஒரு வீடு போதும் என்கிறாள். அந்த நிதானம்தான் வலிக்கிறது. அன்றைய திருமணத்தைப் பற்றி இதைவிடக் கூர்மையான சாட்சியம் நாவலில் வேறு இல்லை.

தொடர் எவ்வளவோ மேல். ஆறு பகுதி என்பதால் அவசரம் இல்லை. வசனங்களில் பெரும்பகுதி நாவலிலிருந்தே வருகிறது. குறை பார்வைக் கோணத்தில். டார்சி தனியாக இருக்கும் காட்சிகளைக் காட்டுகிறார்கள், குளத்தில் நீந்தவும் வைக்கிறார்கள். நாவலில் அந்த நீச்சல் கிடையாது. எலிசபெத் மனம் மாறும் முன்பே நாம் டார்சியை மன்னித்துவிடுகிறோம். அவரைத் தப்பாக எடைபோட்ட அவள் தவறில் நமக்குப் பங்கில்லாமல் போகிறது.

நாவல் அந்தத் தப்பிக்கும் வழியைத் தருவதில்லை. 36ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். தன் பக்கத்தை விளக்கி டார்சி எழுதிய கடிதத்தை இனித் தொடவே மாட்டேன் என்று எலிசபெத் மடித்து வைக்கிறாள். அரை நிமிடத்தில் மறுபடி பிரிக்கிறாள். டார்சியைப் பற்றி விக்கம் என்ற இளம் ராணுவ அதிகாரி முன்பு குறை சொன்னதையும் இதையும் வரிவரியாக ஒப்பிடுகிறாள். அறிமுகமான புதிதிலேயே ஒருவன் அந்நியப் பெண்ணிடம் அவ்வளவு சொந்தக் கதை பேசியது முறையா என்று இப்போதுதான் உறைக்கிறது. விக்கம் பேசியபோது நமக்கும் அது உறைக்கவில்லை என்பதுதான் ஆஸ்டனின் கெட்டிக்காரத்தனம். ஒரு பெண் உட்கார்ந்து யோசிப்பதைக் கேமரா எவ்வளவு நேரம் காட்டிவிட முடியும்?

குறிப்புரையுள்ள பதிப்பாக வாங்குங்கள். சொத்துரிமை விஷயம் அது இல்லாமல் புரியாது. நேரமே இல்லையென்றால் 19, 22, 34 முதல் 36 வரை, 43, 56 ஆகிய அத்தியாயங்களை முழுதாகப் படித்துவிட்டு, மிச்சத்தைத் தொடரில் பாருங்கள். படம் தேர்வுக்குப் பிறகு.