நாலரை லட்சம் போச்சு: சேல்ஸ் பயிற்சி என்று வருபவர்களிடம் கவனமாக இருங்கள்

பணத்தைத் திருப்பித் தர முடியாது என்ற பதில் நேற்று மாலை வந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். வளர்ந்துகொண்டிருக்கும் தொழிலை வைத்துக்கொண்டு, விற்பனையைத் தூக்கிவிட வெளியாள் தேடுகிறவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

எங்களுடையது சின்ன நிறுவனம், விற்பனையில் ஆறு பேர். மற்ற கம்பெனிகளுக்குத்தான் சரக்கு கொடுக்கிறோம். ஒரு ஆர்டர் கைக்கு வர சராசரியாக இரண்டு மாதம் ஆகும். ஆரம்பத்தில் பெரிய ஆர்டர்களை எல்லாம் நானே பேசி முடித்தேன். ஆள் கூடியது, விற்பனை கூடவில்லை. ஒரு வருடமாக அதே இடத்தில் நின்றது. அப்போதுதான் சேல்ஸ் லீடர்ஷிப் பயிற்சி கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் விளம்பரம் கண்ணில் பட்டது. 12 வாரம், பலன் இல்லையென்றால் பணம் வாபஸ்.

முதல் நாள் வந்த மனிதர் ஸ்லைடு எதுவும் காட்டவில்லை. எங்கள் குழுவில் ஒரு பெண் கஸ்டமரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு நோட்டில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே இருந்தார். நாங்கள் பேசினால் இடது பக்கம், கஸ்டமர் பேசினால் வலது பக்கம். கால் முடிந்ததும் நோட்டை என் பக்கம் திருப்பினார். இடது பக்கம் நிறைந்து கிடந்தது. வலது பக்கம் நாலே கோடு.

"உங்க ஆளுங்க நல்லா பேசுறாங்க சார், கேட்கிறதுதான் இல்லை. அதைவிட முக்கியமா, கடைசி நேரத்துல நீங்க உள்ள புகுந்து டீலை முடிச்சிடுறீங்க. அப்புறம் அவங்க எப்ப கத்துக்குவாங்க?" என்றார்.

அது உண்மை. இன்றைக்கும் உண்மைதான். பல வருடமாக யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லாததை ஒருத்தர் சொன்னதும் அவரை முழுசாக நம்பிவிட்டேன். "ஐந்து லட்சம், இன்றே கட்டினால் நாலரை" என்றார். அன்று சாயங்காலமே நாலரை லட்சத்தையும் அனுப்பிவிட்டேன்.

இரண்டாவது வாரத்திலிருந்து அவரைக் காணோம். பதிலுக்கு ஒரு பையன் வந்தான். விற்பனையில் ஒருநாள்கூட வேலை செய்ததில்லை என்று அவனே சொன்னான், பாவம். அவன் கொடுத்த எக்செல் ஷீட்டின் மேல் மூலையில் வேறு ஒரு கம்பெனியின் பெயர் அழிக்காமலே இருந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 60 கால் என்று அதில் டார்கெட். இரண்டு மாதம் பேசி முடிக்கிற வியாபாரத்தில் 60 கால் எதற்கு? நான் கேட்டேன். "ப்ராசஸை நம்புங்க சார்" என்றான். எங்கள் ஆட்கள் ரிங் போனதும் கட் செய்து எண்ணிக்கையை நிரப்பினார்கள். நான்காவது வாரம் ஷீட் முழுக்கப் பச்சை, ஆனால் கோட்டேஷன் போனது வழக்கத்தில் பாதி.

டார்கெட்டைப் போல மூன்று மடங்கு பைப்லைன், அதாவது இன்னும் முடியாமல் பேச்சில் இருக்கும் டீல்கள், இருக்க வேண்டும் என்றார்கள். மூன்றில் ஒரு டீலை ஜெயிக்கிறவர்களுக்கு அந்தக் கணக்கு சரி. நாங்கள் ஐந்தில் ஒன்றுதான் ஜெயிக்கிறோம், எங்களுக்கு ஐந்து மடங்கு வேண்டும். அதைக்கூட யாரும் பார்க்கவில்லை. எங்கள் ஆட்களும் மூன்று மடங்கைக் காட்டுவதற்காக எப்போதோ செத்துப்போன என்கொயரிகளை எல்லாம் தூசி தட்டி உள்ளே போட்டார்கள்.

மாதக் கடைசியில் டார்கெட் எட்ட 10 சதவீதம் தள்ளுபடி கொடுக்கச் சொன்னார்கள். எங்கள் மார்ஜின் 30. நூறுக்கு விற்றால் முப்பது நிற்கும், தொண்ணூறுக்கு விற்றால் இருபதுதான். அதே லாபம் பார்க்க ஒன்றரை மடங்கு விற்க வேண்டும். அந்த மாத விற்பனை ஏறியது. அடுத்த மாத ஆர்டர்களைத்தான் முன்னாடியே இழுத்திருக்கிறோம் என்பது அடுத்த மாதம்தான் தெரிந்தது.

இதெல்லாம்கூடப் போகட்டும். காலாண்டின் நடுவில் கமிஷன் திட்டத்தை மாற்றச் சொன்னார்கள், பழைய கஸ்டமர் ஆர்டருக்குக் கமிஷன் இல்லை என்று. அன்று போனில் பேசிக்கொண்டிருந்த அதே பெண், ஏழு வருடமாகப் பழைய கஸ்டமர்களைக் கட்டிக் காத்தவர், வேலையை விட்டுவிட்டார். "பேசின கமிஷனைப் பாதியில மாத்தினா எப்படி சார் நம்பி உழைக்கிறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நாலரை லட்சத்தைவிட அதுதான் எனக்கு வலிக்கிறது.

பணத்தைக் கேட்க ஆரம்பித்த பிறகு நடந்தது வேறு கதை. முதலில் "சார் ஃப்ளைட்டில் இருக்கிறார்." அடுத்த வாரமும் ஃப்ளைட்டில்தான் இருந்தார். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. பிறகு "அக்கவுண்ட்ஸ் டீமுக்கு அனுப்பியிருக்கிறோம்." அக்கவுண்ட்ஸ் டீமோ பயிற்சியாளரின் ஒப்புதல் வேண்டும் என்றது. நேற்று வந்த பதிலில், நாங்கள் திட்டத்தை "முழுமையாக" அமல்படுத்தவில்லையாம், சில நாட்கள் 60 காலுக்கும் குறைவாகப் பேசியிருக்கிறோமாம், அதனால் வாபஸ் கிடையாதாம். ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கத்தில் அந்த வரி இருக்கிறது. இப்போதுதான் படித்தேன். நாலரை லட்சம். இரண்டு பேருக்குப் பல மாதச் சம்பளம் அது.

விரிவாக எழுதத்தான் நினைத்தேன், வக்கீல் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார், கிளம்ப வேண்டும். அவசரமாகச் சில விஷயம். முழுப் பணத்தை முன்னாடியே கட்டாதீர்கள். "இன்றே கட்டினால் குறைவு" என்றால் அன்றைக்குக் கட்டவே கட்டாதீர்கள். வாராவாரம் வரப்போவது யார் என்று பெயரோடு எழுதி வாங்குங்கள். வாபஸ் நிபந்தனையை முதலில் படியுங்கள். அவர்களிடம் பயிற்சி எடுத்த இரண்டு பேரிடமாவது நீங்களே தேடிப் போய்ப் பேசுங்கள், அவர்கள் கொடுக்கும் நம்பர் வேண்டாம். யார் சொன்னாலும் காலாண்டு நடுவில் கமிஷனைத் தொடாதீர்கள்.

வக்கீலைப் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போகிறேன். பழைய கமிஷனையே எழுத்தில் கொண்டுபோகிறேன். திரும்பி வருவாரா தெரியவில்லை.