ஸ்ட்ராங்ஹோல்டா, பாஸ்டியனா?

கொழும்பின் காலி வீதி பஸ்ஸில் நடத்துநர் "கோட்டை, புறக்கோட்டை" என்று கூவும்போது யாரும் மதிலைத் தேடுவதில்லை. ஆங்கிலேயர் 1869 இல் அதை இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆங்கிலத்தில் அந்த இடம் 'ஃபோர்ட்'. ஆனால் ஒரு கட்சியின் கோட்டை என்றால் 'ஸ்ட்ராங்ஹோல்ட்' என்று எழுதுங்கள், அங்கே ஃபோர்ட் ஒட்டாது.

'பாஸ்டியன்' வேறு. அது கொத்தளம்: மதிலின் மூலையில் வெளியே துருத்தி நிற்கும் பகுதி. அங்கிருந்து, மதிலை ஒட்டி வரும் எதிரியையும் பக்கவாட்டில் சுடலாம். அதனால் உருவகத்திலும் காவல் வாடை அடிக்கும். பத்திரிகைச் சுதந்திரத்தின் கடைசி பாஸ்டியன் என்பார்கள்.

வாக்குப் பலத்துக்கு 'ஸ்ட்ராங்ஹோல்ட்', கொள்கையைக் காப்பதற்கு 'பாஸ்டியன்' என்றே நான் எழுதுகிறேன். இரண்டையும் 'கோட்டை' என்று தமிழாக்குவது எனக்குப் பிடிக்கவில்லை, கொத்தளம் இருக்கிறதே.