அரசு மதுக்கடையில் "விலை ஏறிடுச்சு" என்றால் உடனே காசைக் கொடுக்காதீர்கள்

எண்ணூறு ரூபாய். அரசே நடத்தும் மதுக்கடையில் பட்டப்பகலில் என்னிடம் கூடுதலாகப் பிடுங்கிய பணம் இது. எழுதும்போதும் கை பதறுகிறது. 2024 பிப்ரவரி 1-ம் தேதி விலை ஏறியதைச் சாக்காக வைத்து இதை யாரிடம் வேண்டுமானாலும் செய்வார்கள் என்பதால் சொல்கிறேன்.

அக்கா மகன் கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்களுக்காக வாங்கப் போனேன். புறவழிச்சாலையை ஒட்டிய கடை. நடுத்தர விலையில் ஒரு பிராந்தி கேட்டேன். "லோடு வரலண்ணே." அடுத்த ரகம்? அதுவும் வரவில்லை. விற்பனையாளருக்குப் பின்னால் கூரை வரை பெட்டி அடுக்கியிருக்கிறது, ஆனால் நமக்குத் தர இருப்பது உயர் ரகத்தில் ஒரே ஒரு பிராண்டு. 2003-லிருந்து தமிழ்நாட்டில் சில்லறை விற்பனை முழுக்க அரசிடம்தான். கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனாலும் அதுவும் அவர்கள் கடைதான். சரி என்று நாலு ஃபுல், பன்னிரண்டு பீர் சொன்னேன்.

ஃபுல் லேபிளில் 880 ரூபாய். அவர் சொன்னது 1,100. பீரில் 170, சொன்னது 200. என்னங்க இது என்றதும் கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "ஒண்ணாந்தேதியிலிருந்து எல்லாமே ஏறிடுச்சுண்ணே, இது பழைய லேபிள். சர்க்கார் கடையில நாங்களா விலை வைக்க முடியும்?" ஏதோ ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, நான் குனிந்து பார்ப்பதற்குள் மடித்துவிட்டார். விலை ஏறிய செய்தி பேப்பரில் வந்ததுதான். தனியார் கடை என்றால் பேரம் பேசியிருப்பேன், அரசுக் கடையில் யார் பேசுவார்கள்? அந்த நம்பிக்கையைத்தான் அவர் காசாக்கினார். மெஷின் வேலை செய்யவில்லை என்று கம்பிக்கு வெளியே போனை நீட்டி க்யூஆர் காட்டினார். 6,800 ரூபாய் போட்டேன். போய்ச் சேர்ந்தது ஒரு தனி ஆளின் கணக்குக்கு. பில் இல்லை.

உண்மையில் ஏறியது எவ்வளவு தெரியுமா? சாதாரண, நடுத்தர ரகங்களில் குவார்ட்டருக்கு 10, உயர் ரகத்தில் 20. உயர் ரக ஃபுல்லுக்கு 80, பீருக்கு 10. அப்படியென்றால் ஃபுல் 960, பீர் 180, மொத்தம் 6,000 ரூபாய்தான். மிச்சம் எண்ணூறு ரூபாய் யார் பைக்குப் போனது?

திரும்பப் போய்க் கேட்டால், "அந்தத் தம்பி இன்னைக்கு லீவு." சூப்பர்வைசரோ பில் இருக்கிறதா என்று என்னையே கேட்கிறார். கொடுக்காத பில்லை நான் எங்கே போய்க் காட்டுவது? அப்புறம் கரண்ட் பில், இறக்குகூலி, உடைந்த பாட்டில் எல்லாம் நாங்கள்தான் பார்க்கிறோம் என்று ஒரு பாட்டு. அவர்கள் சம்பளம் குறைவுதான், மறுக்கவில்லை. அதற்கு நிர்வாகத்திடம் அல்லவா சண்டை போட வேண்டும்? மேலதிகாரி எண்ணுக்கு அடித்தால் "எழுதிக் கொடுங்க, பார்க்கிறோம்" என்று வைத்துவிட்டார்.

எனக்கு எண்ணூறு ரூபாய் போனது ஒருநாள் கதை. எனக்கு முன்னால் நின்ற கொத்தனார் ஒரு குவார்ட்டருக்குப் பத்து ரூபாய் கூடக் கொடுத்துவிட்டு வாயே திறக்காமல் போனார். கேட்டால் சரக்கே கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். இதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

வாங்கப் போகிறவர்கள் விலைப்பட்டியலைக் கையில் வாங்கிப் படியுங்கள். தனி ஆள் க்யூஆருக்குப் பணம் போடவே போடாதீர்கள். பலகையில் உள்ள கடை எண்ணைப் போட்டோ எடுங்கள். நிர்ணயித்த விலைக்கு மேல் விற்பது சட்டப்படி குற்றம், தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம். நுகர்வோர் உதவி எண் 1915. எண்ணூறு ரூபாய்க்கு நான் புகார் கொடுக்கப் போகிறேன்.