“லேற்றன்சி குறைச்சுத் தாறம்” என்று சிஸ்டம்32 இல் கைவைப்பவர்கள்: ஸ்ரூடியோக்காரர் கவனத்துக்கு

யாழ்ப்பாணத்தில் கோயில் பாடலும் குறும்பட இசையும் பதிவு செய்யும் சிறிய ஸ்ரூடியோ ஒன்றின் கொம்பியூட்டர், பதிவின்போது சத்தம் விட்டு விட்டு வெட்டுகிறது என்று திருத்தக் கொடுக்கப்பட்டது. காசையும் வாங்கிக்கொண்டு, முன்பிருந்ததைவிட மோசமாக்கித் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். கடையின் பெயர் வேண்டாம். என்ன செய்தார்கள் என்பது தெரிந்தால் போதும்.

லேற்றன்சி என்றால் தாமதம். முதலில், எந்த டிரைவர் தாமதிக்கிறது என்று காட்டும் லேற்றன்சிமொன் என்ற மென்பொருளை ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். அதுவரை சரி. பட்டியலில் என்டிஐஎஸ்.சிஸ் என்ற கோப்பு மேலே நின்றதும், அந்தக் கோப்புத்தான் பழுது என்று முடிவு கட்டி, எங்கோ ஒரு தளத்திலிருந்து வேறொரு விண்டோஸ் பதிப்பின் கோப்பை இறக்கி, விண்டோஸின் சொந்தக் கோப்புகள் இருக்கும் சிஸ்டம்32 க்குள் உள்ள டிரைவர்ஸ் கோப்புறையில் மேலெழுதிவிட்டார்கள். இதுதான் பெரிய பிழை. என்டிஐஎஸ் என்பது விண்டோஸின் நெற்வேர்க் வேலைகள் எல்லாம் போய்வரும் பாதை. வைஃபையை இயக்கும் மென்பொருளான வைஃபை டிரைவர் நேரத்தைத் தின்றாலும் பழி என்டிஐஎஸ் மேல்தான் விழும். செக்கனுக்கு 48,000 சாம்பிள் (48,000 ஹேர்ட்ஸ்) எடுக்கும்போது, ஒரே தடவையில் கையாளும் துண்டு (பஃபர்) 128 சாம்பிள் என்றால் ஏறத்தாழ 2.7 மில்லிசெக்கன். அதற்குள் ஓடியோவுக்கு ப்ரொசசர் கிடைக்காவிட்டால் சத்தம் வெட்டும்.

செய்திருக்க வேண்டியது மிகச் சின்ன வேலை. டிவைஸ் மனேஜரில் வைஃபை அடாப்டரை டிஸேபிள் செய்துவிட்டு லேற்றன்சிமொன்னை இன்னொரு 10 நிமிடம் ஓட விட வேண்டும். அது காட்டும் தாமத எண் குறைந்தால் குற்றவாளி வைஃபை டிரைவர். லப்டொப் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிய டிரைவரைப் போடுங்கள், பதிவு நேரத்தில் வைஃபையை நிறுத்தி வையுங்கள். பட்டியலில் டிஎக்ஸ்ஜிகேர்னல் (திரைக்காட்சிப் பகுதி) மேலே நின்றால் கிராஃபிக்ஸ் டிரைவரைப் பாருங்கள். ஏசிபிஐ (மின்சக்தி நிர்வாகம்) என்றால் பவர் பிளானையும் பயோஸ் அப்டேற்றையும் பாருங்கள். இதில் எதற்கும் விண்டோஸின் சொந்தக் கோப்பை மாற்றத் தேவையில்லை.

அந்தக் கோப்புகள் டிரஸ்டட்இன்ஸ்டோலர் என்ற கணக்குக்குச் சொந்தமானவை. அட்மினிஸ்ரேற்றர்கூட நேரே மேலெழுத முடியாது. அந்த உரிமையைப் பறித்தார்கள். பிறகு கண்ட கண்ட டிரைவர்களும் ஏறுவதற்காக கொம்பியூட்டர் தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் விடும் செக்கியோர் பூட் (Secure Boot) என்ற பாதுகாப்பைப் பயோஸில் நிறுத்தி, முறையான ஒப்பம் இல்லாத டிரைவர்களையும் ஏற்கும் டெஸ்ட் மோடில் விண்டோஸைப் போட்டிருக்கிறார்கள். திரையின் வலது கீழ் மூலையில் “டெஸ்ட் மோட்” என்ற எழுத்து தெரிந்தால் உங்கள் கொம்பியூட்டரும் டெஸ்ட் மோடில்தான் இருக்கிறது. டிஸ்க்கை மறைகுறியாக்கும் பிட்லொக்கர் போட்ட லப்டொப்பில் செக்கியோர் பூட்டைத் தொட்டால், அடுத்த முறை திறக்கும்போது 48 இலக்க மீட்புக் குறியைக் கேட்கக்கூடும். அது கையில் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் பதிவுகள் அத்தனையும் போய்விடக்கூடும். இந்த ஆபத்தை வாடிக்கையாளருக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் செய்வது மன்னிக்க முடியாத காரியம்.

எந்தத் தளப் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் கைவைத்திருந்தார்கள். திருட்டு ப்ளகின்களுக்காக (இசை மென்பொருளோடு சேர்க்கும் துணை மென்பொருள்கள்) உரிமம் சரிபார்க்கும் சேர்வர்களை அதில் மறித்துவிட்டார்கள். அதே நிறுவனத்திடம் நேர்மையாகக் காசு கொடுத்து வாங்கிய ப்ளகினும் இதனால் அக்டிவேற் ஆகாது.

திருத்தும் ஒழுங்கு: முதலில் பாட்டுக் கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுங்கள். பிட்லொக்கர் இருந்தால் மீட்புக் குறியைக் கடதாசியில் எழுதி வையுங்கள். கொமாண்ட் ப்ரொம்ப்டை அட்மினிஸ்ரேற்றராகத் திறந்து, இன்ரர்நெற் இணைப்போடு டிஸ்ம் ரிஸ்டோர்ஹெல்த் (DISM /Online /Cleanup-Image /RestoreHealth) கட்டளையை ஓட்டுங்கள். அது முடிந்த பிறகுதான், பழுதான விண்டோஸ் கோப்புகளை மாற்றும் எஸ்எஃப்சி ஸ்கான்நவ் (sfc /scannow). எஸ்எஃப்சி நல்ல பிரதியை எடுப்பது விண்டோஸ் தன் கோப்புகளைச் சேமித்து வைக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் கோப்புறையிலிருந்து. அந்தக் கோப்புறையைச் சீர்செய்வது டிஸ்ம். இடம் மிச்சம் பிடிக்க வின்எஸ்எக்ஸ்எஸ்ஸை அழித்திருந்தால் இரண்டுமே பலிக்காமல் போகலாம். அப்போது அதே பதிப்பு, அதே மொழி விண்டோஸ் ஐஎஸ்ஓவை (நிறுவும் கோப்பு) விண்டோஸுக்குள்ளேயே திறந்து செற்றப்பை ஓட்டி, கோப்புகளையும் அப்ளிகேஷன்களையும் வைத்துக்கொள்ளும் தெரிவைக் கொடுங்கள். கடைசியாக டெஸ்ட் மோடை நிறுத்தி, செக்கியோர் பூட் பாதுகாப்பைத் திரும்பப் போடுங்கள்.

அப்பிள் மக் வைத்திருப்பவர்களுக்கும் இதே வலை விரிக்கப்படுகிறது. “ப்ளகின் வேலை செய்ய சிஸ்டம் பாதுகாப்பை நிறுத்த வேணும்” என்று யாராவது சொன்னால் கொம்பியூட்டரைக் கொடுக்காதீர்கள். 2015 இல் எல் கப்பிட்டன் என்ற மக் இயங்குதளப் பதிப்போடு வந்த அந்தப் பாதுகாப்பு, சிஸ்டம் கோப்புறை போன்ற மக்கின் சொந்த இடங்களைத்தான் காக்கிறது. ப்ளகின்கள் போவது லைப்ரரிக்குள் ஓடியோ கோப்புறையில் இருக்கும் ப்ளக்-இன்ஸ் கோப்புறைக்கு. அது அந்தப் பாதுகாப்புக்கு வெளியே. டேர்மினலில் சிஎஸ்ஆர்யூட்டில் ஸ்டேற்றஸ் (csrutil status) என்று கொடுத்தால் பாதுகாப்பு இயங்குகிறதா என்று ஒரே வரியில் சொல்லும். கடையில் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை, திரும்ப வாங்கும்போது கடைக்குள் நின்றே இன்னொரு தடவை பாருங்கள்.